தெரியாது, சேர்

அம்பிட்டிய,
கண்டி.
03.02.2025

மதிப்புக்குரிய ஜனாப் மஹ்மூத் ஆசிரியர் அவர்களுக்கு,

இக்கடிதத்தில் எழுதப்போகிறவற்றை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். பாதியில் மடித்து வைக்க விரும்பினால், எதை வாசிக்காமல் விட்டீர்கள் என்பதாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

1. நான் யார், முப்பத்திரண்டு வருடங்களுக்குப் பிறகு ஏன் எழுதுகிறேன்.
2. நான் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கட்டுரை.
3. 1993 விசாரணையில் நான் பொய் சொல்லவில்லை என்பது.
4. உங்களிடம் கேட்கும் ஓர் அனுமதி.
5. சுகம் விசாரித்தல். இது முதலாவதாக வந்திருக்க வேண்டும். முதலில் வைக்கத் துணிவு வரவில்லை.

முதலாவது. நான் ஸ்ரனிஸ்லாஸ். கண்டியில் உங்களுடன் ஒரே ஆசிரியர் அறையில், அடுத்த மேசையில் பதினொரு வருடங்கள் இருந்தவன். நீங்கள் புவியியல், நான் கணிதம். சென்ற வாரம் மருந்துக் கடையில் உங்கள் தம்பியின் மகன் அஸ்ஃபரைக் கண்டேன். உங்கள் தொலைபேசி இலக்கத்தைக் கேட்டேன். "பெரிய வாப்பாக்கு இப்ப காது கேக்கிறது கொறவு சேர். போன்ல பேசினா ரெண்டு பேருக்கும் கோவந்தான் வரும். கடுதாசி போடுங்க, நாலு தரம் வாசிப்பாரு" என்று சிரித்தபடி விலாசத்தை எழுதித் தந்தார். பேச வேண்டியதில்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது. என் மனைவி டொரதி காலமாகிப் பதினான்கு மாதங்கள். வீட்டில் எனக்கு வேலை இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்துகொண்டேன், பாடம் மெய்யியல். கட்டுரைத் தலைப்பு, "நம்புவதற்கும் அறிவதற்கும் உள்ள வேறுபாடு யாது?" மார்ச் 31க்குள் ஒப்படைக்க வேண்டும்.

ஒன்று எனக்குத் தெரியும் என்று சொல்ல மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்கிறார்கள். அது உண்மையாக இருக்க வேண்டும். நான் அதை நம்ப வேண்டும். நம்புவதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தும் அறிவு என்று சொல்ல முடியாத நிலை வருமா என்பதுதான் சிக்கல். நான் ஓர் உதாரணம் எழுதினேன். பேராதனையில் நிற்கிறேன். மேலே மலையிலிருந்து கலஹா பஸ் வருகிறது, கூரையிலிருந்து தண்ணீர் வடிகிறது. கலஹாவில் மழை என்று நம்புகிறேன். உண்மையில் அந்த பஸ்ஸை வழியில் நிறுத்திக் கழுவியிருக்கிறார்கள். ஆனாலும் அதே நேரத்தில் கலஹாவில் மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. அப்படியானால் கலஹாவில் மழை என்பது எனக்குத் தெரியுமா, தெரியாதா?

எங்கள் விரிவுரையாளர் தனுஜா என்ற இளம் பெண். வாசித்துவிட்டு, "பஸ் நல்லா இருக்கு சேர். ஆனா இதில யாருக்கும் ஒன்னும் ஆகல்லையே. நீங்க பிழையா நம்பி, அதால ஒருத்தருக்கு ஏதாவது நடந்ததா ஒரு உதாரணம் இல்லையா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். யோசித்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது. அந்த மார்ச் மாதம், பதினோராம் ஆண்டுத் தவணைப் பரீட்சை வினாத்தாள் கட்டு ஒன்று களஞ்சிய அறையில் பிரிக்கப்பட்டிருந்தது. தாள்கள் வெளியே ஒரு டியூஷன் வகுப்பில் கிடைத்தன. கல்விக் கந்தோரிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். இடைவேளை முடியும் நேரத்தில் நீங்கள் அந்த அறையிலிருந்து வெளியே வருவதைப் பல நாட்கள் கண்டேன் என்றும், கையில் மடித்த தாள்கள் இருந்தன என்றும் சொன்னேன். நீங்கள் எதற்காகப் போனீர்கள் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். கண்டதைக் கண்டேன் என்றேன். தெரியாததைத் தெரியாது என்றேன். இரண்டும் உண்மை. என் பிழை வேறு. கண்டதை வைத்து, எடுத்தவர் நீங்கள்தான் என்று மனத்துக்குள் நம்பிவிட்டேன். உங்கள் மீது எதுவும் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் 'சேவையின் தேவை கருதி' என்று எழுதி உங்களைப் புசல்லாவைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு மாற்றினார்கள். காரணம் போதாத நம்பிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் என்னிடம் இல்லை.

நான்காவது. பெயர்களை நீக்கிவிட்டு, இச்சம்பவத்தைக் கட்டுரையில் எழுத அனுமதி வேண்டும். மறுத்தால் பஸ் உதாரணத்தோடு நிறுத்திக்கொள்வேன்.

ஐந்தாவது. நீங்களும் வீட்டில் ஹபீலா அவர்களும் சுகமாக இருக்கிறீர்களா?

இப்படிக்கு,
பணிவுடன்,
ஸ்ரனிஸ்லாஸ்

*

அக்குறணை
14.02.2025

அன்புள்ள ஸ்ரனிஸ்லாஸ் மாஸ்டருக்கு,

இறைவன் உங்கள் மீது சாந்தியை இறக்குவானாக.

கடிதம் கிடைத்தது. ஜனாப் என்று எழுதியிருந்தீர்கள். முன்பு நானா என்றுதான் கூப்பிடுவீர்கள், நான் உங்களுக்கு இரண்டு வயது மூப்பு என்று. ஹபீலா கடித உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனத்த இது, பென்ஷன் கந்தோர் கடுதாசியா? நம்பரெல்லாம் போட்டீக்கி" என்றாள். யார் எழுதியது என்று சொன்னேன். அன்றைக்குக் கறிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

டொரதி டீச்சர் போன செய்தி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். இதை எழுதிவிட்டு, உண்மையாகவே வந்திருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். வந்திருப்பேன்.

சுகம் கேட்டிருந்தீர்கள். காது போய்விட்டது. முழங்காலும் அப்படித்தான், கதிரையில் இருந்து தொழுகிறேன். மற்றதெல்லாம் இருக்கிறது. மகள் அஸீமா கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கிறாள். நான் புசல்லாவைக்குப் போகும்போது அவளுக்கு நான்கு வயது. ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறினால் வெள்ளி இருட்டித்தான் வீடு வருவேன். ஏழு வருடங்கள். நான் வந்தால் அவள் ஓடிப்போய், "உம்மா, விருந்தாளி வந்தீக்கி" என்று சொல்வாள். எல்லோரும் சிரிப்போம். அதிபர் தரத்துக்கு மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் கோப்பில் ஏதோ குறிப்பு இருக்கிறது என்றார்கள். விட்டுவிட்டேன்.

கோபமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இருந்தது. எப்போது போனது என்று தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, கன்னம் இருக்கும், நம்முடையது போல இருக்காது. அந்த இடம் இப்போது அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் பஸ் கதையை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல கதை. ஆனால் மாஸ்டர், பஸ் நனைந்து வந்தால் அந்தக் கொண்டக்டரிடம், "தம்பி, மேல மழையா?" என்று கேட்டிருக்கலாமே? பஸ்ஸிலேதானே தொங்கிக்கொண்டு வருகிறான். ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பான். அதற்கு மூன்று நிபந்தனை எதற்கு?

உங்கள் கடிதத்தில் ஐந்து குறிப்பு இருக்கிறது. என்ன கண்டீர்கள், என்ன நம்பினீர்கள், என்ன வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த அறைக்கு ஏன் போனேன் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அனுமதியைப் பிறகு பார்ப்போம். முதலில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மஹ்மூத்

*

அம்பிட்டிய
24.02.2025

அன்புள்ள நானாவுக்கு,

கேட்கிறேன்.

அ. வினாத்தாள்களை நீங்கள் எடுத்தீர்களா?
ஆ. களஞ்சிய அறைக்குள் ஏன் போனீர்கள்? கையில் இருந்த தாள்கள் என்ன?

எந்தப் பதிலும் கட்டுரைக்குப் பொருந்தும். நீங்கள் எடுத்திருந்தால் என் நம்பிக்கை உண்மை, காரணம்தான் பிழை. அது பஸ் உதாரணத்தின் வகை. எடுக்காவிட்டால் நம்பிக்கையே பொய்; அது எளிய வகை. எழுத இலகு.

மேலே உள்ள பந்தியை எழுதியபின் வாசித்தேன். வெட்கப்பட வேண்டும் என்பது விளங்குகிறது. வெட்கம் இருக்கிறதா என்று தேடினால் தட்டுப்படவில்லை. டொரதியின் அடக்கத்தன்றும் இப்படித்தான் இருந்தேன். எத்தனை மலர்வளையங்கள் வந்தன என்று எண்ணினேன். பத்தொன்பது. மாதா கோவிலில் எல்லோரும் என் தோளைத் தொட்டார்கள். நான் நன்றி சொன்னேன். நீங்கள் எழுதிய ஊசி உவமையைத் தனுஜா மிஸ்ஸிடம் சொல்ல நினைத்து, அது உங்களுடையது என்பதால் சொல்லவில்லை.

அவரிடம் விசாரணைப் பகுதியின் வரைவை மட்டும் காட்டினேன், பெயர் இல்லாமல். "சேர், இது கட்டுரையா, பொலிஸ்ல குடுத்த முறைப்பாடா? நீங்க எங்க இதில?" என்றார். நான் சாட்சியாக இருக்கிறேன் என்றேன். "சாட்சிக்கு மேசை, கதிரை எல்லாம் தெரியுது. அந்த மனுசர் உங்கட சிநேகிதரா, எதிரியா, அது மட்டும் தெரியல்ல" என்றார். சிநேகிதர் என்றேன். அவர் வரைவை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார்.

நோன்பு தொடங்கப்போகிறது என்று நாட்காட்டியில் கண்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்து போடுகிறவர்களுக்கு விலக்கு உண்டு என்று நீங்களே முன்பு சொல்லியிருக்கிறீர்கள்.

அன்புடன்,
ஸ்ரனிஸ்லாஸ்

*

அக்குறணை
10.03.2025
நோன்பு ஒன்பது

அன்புள்ள மாஸ்டருக்கு,

அ. எடுக்கவில்லை.

இந்தச் சொல்லை யாராவது கேட்டால் சொல்ல வேண்டும் என்று புசல்லாவை பஸ்ஸில் எத்தனையோ தரம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அப்போது அதற்குப் பின்னால் பெரிய பேச்சு ஒன்று இருந்தது. இப்போது சொல் மட்டும்தான் மிச்சம்.

ஆ. இதைக் கேட்டீர்களே, அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் கேட்கச் சொன்னது, நீங்கள் கேட்க வெட்கப்பட்டு, தெரிந்த பதிலை நீங்களே எழுதுவீர்கள் என்று நினைத்து. மறந்தே போய்விட்டதா?

அந்த வருடம் நோன்பு பெப்ரவரிக் கடைசியில் பிடித்தது. நம் பாடசாலைக்கு நோன்பு லீவு இல்லை. இடைவேளை வந்தால் ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்சல் அவிழ்ப்பார்கள். இராமகிருஷ்ணன் மாஸ்டர் வடையை என் மூக்குக்கு நேரே பிடித்து, "என்ன மாஸ்டர், மணக்குதா? நோன்பு முறிஞ்சிறாதே?" என்று பகிடி பண்ணுவார். "மணத்துக்கு முறியாது, உங்கட மூஞ்சியப் பாத்தாத்தான் முறியும்" என்பேன். அவருக்கும் எனக்கும் அதில் ஒன்றுமில்லை.

நீங்கள் ஒருவர்தான் சாப்பிடவில்லை. பார்சலை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, திருத்தி முடிந்த கொப்பிகளை மறுபடியும் திருத்திக்கொண்டு இருந்தீர்கள். மூன்று நாள் பார்த்தேன். வயிற்றுப்புண் உள்ள மனிதர். நாலாம் நாள் உங்கள் மேசைக்கு வந்து, "மாஸ்டர், நான் அந்த ரூமுக்குள்ள கொஞ்சம் சாஞ்சிட்டு வாறன். நீங்க திண்டு முடிங்க. இல்லாட்டி நோன்பு உங்களுக்கு, பாவம் எனக்கு" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டு, அந்த ரூம் பூட்டின் திறப்பை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் தந்தீர்கள். அந்தத் திறப்புக்குப் பொறுப்பு நீங்கள். யார் கொண்டுபோனாலும் நேரம் போட்டுக் கொப்பியில் எழுதுவீர்கள், அதிபரையே எழுதியிருக்கிறீர்கள். என்னை எழுதவில்லை. பதினைந்து நிமிடத்துக்கு எதற்கு என்று நினைத்திருப்பீர்கள்.

கையில் இருந்தது பத்திரிகை. சீமெந்துத் தரை குளிரும், விரித்துப் படுப்பேன்.

விசாரணையன்று நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அப்போது என் காது நன்றாக வேலை செய்தது. "அவர் எதுக்குப் போனார் என்று தெரியுமா?" "தெரியாது, சேர்." இரண்டும் கேட்டது. அடுத்ததாக என்னைக் கூப்பிட்டார்கள். களைப்புக்குப் படுக்கப் போனேன் என்று மட்டும் சொன்னேன். திறப்பை யார் தந்தது என்றார்கள். ஆணியில் இருந்தது, நானே எடுத்தேன் என்றேன். உங்களைக் காப்பாற்றினேன் என்று பெரிதாக எடுக்க வேண்டாம். நீங்கள் தெரியாது என்று சொன்ன பிறகு, தெரியும் என்று நான் சொல்லி யார் நம்புவார்? அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

கட்டுரையில் எழுதுங்கள். அனுமதி தருகிறேன். ஆனால் பெயரை நீக்க வேண்டாம். இது ஹபீலா சொன்னது. "ஊருக்குள்ள கெட்டது பேரோட தானே கெட்டிச்சு. நல்லத மட்டும் எனத்துக்கு ஒருத்தர் ஒருத்தர்னு எழுதுற?" என்று கேட்கிறாள். இன்றைக்கும் கடைத்தெருவில் என் வயதுக்காரர் சிலர் என்னைப் பேப்பர் மாஸ்டர் என்பார்கள். காது கேட்காததில் எனக்கு அந்த லாபம். அவளுக்குக் கேட்கிறது.

பெருநாளைக்கு அஸ்ஃபர் கண்டிக்கு வருவான். வட்டிலப்பம் கொடுத்து விடுகிறோம். சீனி வருத்தம் இருந்தால் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மஹ்மூத்

*

அம்பிட்டிய
23.03.2025

அன்புள்ள நானாவுக்கு,

உங்கள் கடிதம் பன்னிரண்டாம் திகதி கிடைத்தது. அன்றே ஒரு பதில் எழுதினேன். நீங்கள் சொல்வது நடந்திருக்கலாம், எனக்கு ஞாபகமில்லை, முதுமையில் நினைவை நம்ப முடியாது என்று இரண்டு பக்கம். நினைவும் அறிவும் பற்றி ஒரு நல்ல பந்திகூட அதில் இருந்தது. உறையில் போட்டு ஒட்டினேன். தபாற்கந்தோர் வரை நடந்தேன். வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது முத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஞாபகமில்லை என்பது பொய் என்று அந்த வரிசையில் நிற்கும்போதே தெரிந்தது.

நடந்தது இதுதான். அந்த நோன்பின் முதல் நாட்களில் பாணும் சம்பலும் அப்படியே வீட்டுக்குத் திரும்பி வந்தன. டொரதி கேட்டாள், "ஏங்க, சாப்பாட்ட அப்படியே கொண்டு வந்திருக்கீங்க?" "மஹ்மூத் நானா நோன்பு. அவர் முன்னால எப்படித் திங்கிறது" என்றேன். பிறகு ஒரு நாள் வெறும் தாள் மட்டும் வந்தது. "இன்னைக்கு எப்படி எறங்கிச்சு?" என்று கேட்டாள். "நான் சாப்பிடட்டும்னு அவர் அந்த ரூமுக்குள்ள போயிட்டாரு" என்றேன். "ஐயோ பாவம், பசியோட அந்த இருட்டு ரூம்ல" என்றாள். அடுத்த நாளிலிருந்து எனக்கு வெங்காயம் போடாமல் சம்பல் அரைத்தாள், வாசம் அறைக்குள் போகக் கூடாது என்று.

என் வாயாலேயே சொல்லியிருக்கிறேன். கேட்டவள் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று முதல் சில நாட்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நிபந்தனைகளைப் பார்த்தேன். நீங்கள் படுக்கப் போனது உண்மை. நான் அதை நம்பினேன். காரணமும் இருந்தது, நீங்களே சொன்னீர்கள், திறப்பைக் கொடுத்தது நான். மூன்றும் இருக்கின்றன. எந்தப் பாடநூலும் இதை அறிவு இல்லை என்று சொல்லாது.

அந்த அதிகாரி கேட்டபோது, அடுத்த கேள்வி திறப்பைப் பற்றி வரும் என்று எனக்குப் பட்டது. கொப்பியில் உங்கள் பெயர் இல்லை. ஒழுங்கானவன் என்பதைத் தவிர என்னைப் பற்றிச் சொல்ல அந்தப் பாடசாலையில் வேறொன்றும் இருக்கவில்லை. வாய் தானாகத் தெரியாது என்று சொல்லிற்று. நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று நம்பத் தொடங்கியது அதற்குப் பிறகு. கண்டேன், நம்பினேன், சொன்னேன் என்று வரிசை போட்டிருந்தேன். அப்படி அல்ல. முதலில் சொன்னேன். பிறகு, சொன்னதோடு குடியிருப்பதற்காக நம்பினேன். நீங்கள் கள்வராக இருந்தால்தான் என் பொய் சின்னதாகும்.

தனுஜா மிஸ்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கட்டுரையத் திரும்ப எழுதுங்க சேர். நாள் பிந்தினா பரவாயில்ல" என்றார். பிந்த விடவில்லை. நேற்று ஒப்படைத்தேன். உங்கள் பெயர், என் பெயர், நம் இருவரின் பாடங்கள், எல்லாம் இருக்கின்றன.

இத்துடன் இரண்டு தாள்கள் வைத்திருக்கிறேன். ஒன்று, சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட்ட சத்தியக் கூற்று. திறப்பைத் தந்தது நான், காரணம் தெரிந்திருந்தவன் நான், மறுத்தது நான் என்று அதில் எழுதியிருக்கிறேன். மற்றது, அதன் பிரதியைக் கல்விக் கந்தோருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியதற்கான துண்டு. அங்கே உங்கள் கோப்பு இன்னும் இருக்கிறதா, யாராவது வாசிப்பார்களா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. இந்தத் தெரியாது உண்மை. கூற்றின் மூலப்பிரதி ஹபீலா அவர்களுக்கு. கடைத்தெருவில் யாருக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நானே வந்து சொல்ல வேண்டும் என்றாலும் வருவேன்.

மன்னிப்பு என்ற சொல்லை எழுதிப் பார்த்து வெட்டிவிட்டேன். கேட்டால் நீங்கள் தந்துவிடுவீர்கள்.

பெருநாளைக்கு எதுவும் அனுப்ப வேண்டாம். சீனி வருத்தம் இல்லை.

என் முதற் கடிதத்தின் பிரதியை எடுத்து ஐந்து குறிப்புகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மூன்றாவது குறிப்பு பிழை. எனக்குத் தெரிந்திருந்தது, நானா.

ஸ்ரனிஸ்லாஸ்